தண்ணீர், சூடு, ஊசி, வெயில்: புதுப் பொருளைத் துணியில் வைக்கும் முன் அக்கா சொல்லும் டிப்ஸ்

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். குஷன் கவரில் அவ்வளவு பாடுபட்டு வரைந்த மயில், ஒரே சலவையில் தோகை உரிந்து நிற்கிறது. "இனி பெயிண்ட் பக்கமே போக மாட்டேன், பழையபடி நூல் தையல் போதும்க்கா" என்று சொல்லிவிட்டாய். அப்படி விட்டுவிடாதே. உன் கை சரியாகத்தான் வரைந்திருக்கிறது. துணியில் கஞ்சி போகவில்லை, பெயிண்டில் தண்ணீர் கூடிவிட்டது, காய்ந்த பிறகு இஸ்திரி போடவில்லை. மூன்றையும் சரிசெய்துவிடலாம்.

இருபது வருடமாக ஈரோட்டுச் சந்தையில் காடா துணி வாங்கி, அதில் பெயிண்ட், துரு, மைதா, வாழைநார், டீ பேக் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தவள் நான். அதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். ஒரு துணி தன் ஆயுளில் நான்கு பேரைச் சந்திக்கிறது: தண்ணீர், சூடு, ஊசி, வெயில். எந்தப் புதுப் பொருளை எடுத்தாலும், இந்த நான்கையும் அது தாங்குமா என்று உள்ளங்கை அளவுத் துண்டில் முதலில் கேட்டுவிடு. துவைத்தால் நிற்குமா? இஸ்திரிப் பெட்டி பட்டால் என்ன ஆகும்? ஊசி இறங்குமா, இறங்கிய இடம் கிழியுமா? ஜன்னலோரம் தொங்கினால் நிறம் இருக்குமா?

ஒன்றில் தோற்றுவிட்டது என்பதற்காக அந்தப் பொருளை ஒதுக்க வேண்டாம். அந்தச் சோதனை வராத இடத்தில் அதை வை. தண்ணீர் தாங்காதது சுவரில் தொங்கட்டும். வெயில் தாங்காதது பீரோவுக்குள் வைக்கிற நகைப்பையில் இருக்கட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படி.

1. முதலில் கஞ்சியை எடு

புதுக் காடா துணியில், தறியில் இழை அறாமல் இருக்கப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். நீ அடிக்கிற பெயிண்ட் அந்தக் கஞ்சியின் மேல் உட்கார்ந்து, துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து கிளம்பிவிடும். துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடு. காலையில் ஒரு ஸ்பூன் சலவை சோடா கலந்த வெந்நீரில் கசக்கி, பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நுரை போகும்வரை அலசு. வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம். அது இழையில் ஒரு வழவழப்பை விட்டுச் செல்லும், பெயிண்ட் பிடிக்காது.

தயாரா என்று தெரிந்துகொள்ள, காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் கஞ்சி இன்னும் இருக்கிறது. விட்ட உடனே உறிஞ்சிக்கொண்டால் துணி தயார்.

கடைக்காரர் 'பியூர் காட்டன்' என்று சொன்னாலும், ஓரத்தில் ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு உருகி, கெட்டியான மணியாக நிற்கும். இந்த ஒரு நிமிட வேலை பின்னால் நிறைய வருத்தத்தை மிச்சப்படுத்தும்.

2. தண்ணீரைக் குறை, மீடியம் சேர்

சாயம் இழைக்குள்ளே போய்ப் பிடித்துக்கொள்கிறது. பெயிண்ட் இழையின் மேலே படிகிறது. அக்ரிலிக் பெயிண்ட் என்பது நிறப்பொடியும் பிசினும் தண்ணீரில் கலந்த கலவை. தண்ணீர் ஆவியானதும் அந்தப் பிசின் மெல்லிய பிளாஸ்டிக் படலமாக மாறி, நிறத்தைத் துணியோடு பிடித்து வைக்கிறது. நீ தண்ணீரை ஊற்றி ஊற்றி இளக்கினால் பிசின் பலவீனமாகிவிடும். உன் மயில் உரிந்ததற்கு இது பெரிய காரணம்.

இளக்க வேண்டுமானால் ஃபேப்ரிக் மீடியம் வாங்கு. சாதாரண அக்ரிலிக்காக இருந்தால் நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். துணிக்கென்றே வரும் பெயிண்டில் பிசின் முன்பே மென்மையாக இருப்பதால் கொஞ்சம் போதும். ஒரே தடவையில் கனமாக அப்பாதே. மெல்லிசாக இரண்டு கை அடி, முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு, நீராவி இல்லாமல், காட்டன் சூட்டில் ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே தேய். மேலே ஒரு பழைய வேட்டித் துண்டு இருக்கட்டும். அதற்குப் பிறகும் மூன்று நாள் தண்ணீர் காட்டாதே. பாட்டிலில் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதன்படி செய். பிரஷ்ஷை மட்டும் அந்த நிமிடமே கழுவு. அக்ரிலிக் மயிரடியில் காய்ந்துவிட்டால் அந்த பிரஷ் முடிந்தது.

3. ஊசி போகும் வழியை முன்பே யோசி

பெயிண்ட் அடித்த துணியில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. வெறும் பருத்தியில் தப்புத் தையலைப் பிரித்தால் ஒரு சலவையில் அடையாளம் போய்விடும். படலத்தில் விழுந்த ஓட்டை அப்படியே நிற்கும். அதனால் எங்கே தைக்கப்போகிறாய் என்பதைப் பென்சிலால் முன்பே கோடு போட்டு, கைத்தையல் வருகிற இடத்தில் பெயிண்டை மெல்லிசாக விடு. மெஷினில் தைத்தால் 14 அல்லது 16-ம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வை. நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும்.

பெயிண்டும் தையலும் ஒன்றாக வாழ முடியுமா என்று சந்தேகம் வந்தால் அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டை நினைத்துக்கொள். 1972-ல் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் திபெத்தியத் துணி ஓவியங்களைப் பார்த்தவர், தன் ஓவியத்துக்கும் துணிக் கரை கட்டத் தொடங்கினார். 1980-ல், தையல் கலைஞரான தன் அம்மாவோடு சேர்ந்து முதல் மெத்தைவிரிப்பைச் செய்தார். 1988-ல் அவர் செய்த 'டார் பீச்' கேன்வாஸில் அக்ரிலிக்கால் வரைந்து, சுற்றிலும் துணித் துண்டுகள் சேர்த்துத் தைத்தது. நடுவே படம், ஓரத்தில் துணி என்ற அந்த அமைப்பை நீயும் எடுத்துக்கொள்ளலாம். பெயிண்ட் கனமாக இருக்கும் நடுப்பகுதியில் தையல் குறைவாக, துணி மட்டும் இருக்கும் ஓரத்தில் தையல் நிறைவாக இருக்கட்டும்.

4. மொட்டை மாடியில் இலை அச்சு

நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. இதைச் செய்ய வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு பலகையில் பாலித்தீன் தாள் விரித்து, துணியை நனைத்துப் பிழிந்து, சுருக்கமில்லாமல் ஒட்டிவிடு. ஒளி ஊடுருவும் வகைத் துணிப் பெயிண்டை எடுத்துக்கொள். வெள்ளை கலந்த, மூடி மறைக்கிற பெயிண்ட் இதற்கு ஆகாது. இங்கே மட்டும் தண்ணீரைத் தாராளமாக விட்டு, நீலமோ பச்சையோ துணி முழுக்க அகலப் பிரஷ்ஷால் பூசு. ஈரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே இலைகளை வை. முருங்கைக் கொத்து, வேப்பிலை, பப்பாளி இலை எல்லாம் அழகாக வரும். முதல் நாளே புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்கிய இலை நல்லது. காற்றில் ஓரம் தூக்கினால் உருவம் மங்கிவிடும், அதனால் மேலே நாலைந்து கூழாங்கல் வை. காலை பதினோரு மணிக்கு வைத்தால் ஒரு மணிக்குள் காய்ந்துவிடும்.

இலையை எடுக்கும் அந்த நிமிடத்துக்காகவே நான் இதை வருடத்துக்கு நாலு தடவை செய்கிறேன். முருங்கையின் ஒவ்வொரு சின்ன வட்டமும், அதைத் தாங்கும் காம்பும், நீலத்துக்குள் வெளிறிப்போய் அப்படியே படுத்திருக்கும். வெயில் படாததால் வெளுத்தது என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. இலைக்கு வெளியே உள்ள துணி முதலில் காய்கிறது. காய்கிற இடம் ஈரமான இடத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது, தண்ணீரோடு நிறமும் நகர்ந்து போகிறது. இது புரிந்துவிட்டால் நீயே மாற்றி மாற்றிச் செய்யலாம். இலைக்குப் பதில் தேங்காய் வாங்கி வந்த வலைப்பை, அட்டையில் வெட்டிய கோலம், மோதிரம் எது வைத்தாலும் சரி. கல் உப்பைத் தூவினால் ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நிறத்தை இழுத்து நட்சத்திரமாகப் பூக்கும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டு, இஸ்திரி போட்டு, பிறகு நன்றாக அலசிவிடு. உப்பு துணியில் தங்கினால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், ஊசியும் ஜரிகையும் கெட்டுவிடும்.

5. மைதாக் கூழ் வெடிப்பு

ஒரு கப் மைதாவில் ஒரு கப் தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, நாலு பக்கமும் குண்டூசி குத்தி இழுத்து வைத்த துணியில் தோசை மாவு மாதிரி மெல்லிசாகப் பரப்பு. ஒரு நாள் காயவிடு. துணி ஓரங்கள் உள்வாங்கிச் சுருளும், பயப்படாதே. காய்ந்ததைக் கையில் எடுத்துக் கசக்கினால் மைதா பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் கறுப்போ பழுப்போ பெயிண்டைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய். அது ஒரு நாள் காய்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் மைதாவைச் சுரண்டி எடு. வறண்ட குளத்து மண் மாதிரிக் கோடுகள் துணியில் நிற்கும். காய்ந்த பிறகு இஸ்திரி போடு.

சுரண்டிய மைதாவை சிங்க்கில் விட்டுவிடாதே, குழாய் அடைத்துக்கொள்ளும். குப்பைக் கூடையில் போடு.

இந்த யோசனைக்கு வயது அதிகம். நைஜீரியாவின் யொருபா பெண்கள் மரவள்ளிக்கிழங்கு மாவைக் கூழாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் வரைந்து, அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். கூழ் இருந்த இடம் சாயம் குடிக்காமல் வெளிறி நிற்கும். அடிரே எலெகோ என்று அதற்குப் பெயர். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசிக்குப் போகிற அதே கிழங்குதான். மெழுகில் இதையே செய்தால் பாட்டிக். 1966-ல் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும், பாட்டிக் துணி போன்ற கைவினைகளைச் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். துணியில் செய்கிற வேலை ஓவியத்துக்கு ஒரு படி கீழே என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதைச் சொல்.

6. துருவும் கடுக்காயும்

சின்ன வயதில், கொடிக்கம்பியின் துரு அப்பா வேட்டியில் பட்டு, அம்மா சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தும் போகாமல் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பிடிவாதம்தான் நமக்கு வேண்டும்.

அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கடுக்காய்ப் பொடியைக் கரைத்து வடிகட்டி, துணியை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து காயவிடு. வெளிர் மஞ்சளாக வரும். இன்னொரு பக்கம், ஒரு பழைய மண்சட்டியில் ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணி, நூறு கிராம் வெல்லம், ஒரு லிட்டர் தண்ணீர். வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்கு வெளியே மூன்று வாரம் வைத்துவிடு. இறுக்கமாக மூடாதே, நொதித்து வாயு வரும். புளித்த தண்ணீர் இரும்பைக் கரைத்து, நுரை கட்டி, பழுப்பாக நிற்கும். வாடை கொஞ்சம் கடுமையாக இருக்கும்.

இப்போது அந்தத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தொட்டு, கடுக்காய்த் துணியில் ஒரு கோடு இழு. போடும்போது கோடு சாதாரணத் தண்ணீர்க் கறை போலத்தான் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது சாம்பல் நிறமாகி, அடர்ந்து, கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரியின் கறுப்புக் கோடு இப்படித்தான் பிறக்கிறது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்குத் தொம்பையும் விதானமும் வரைகிறவர்கள் இந்த வழியில் வந்தவர்கள். இதே மரபான கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு பரவுகிறதென்றால் கலம்காரிக்காரர்கள் செய்வது போலக் கடுக்காய்த் தண்ணீரில் எருமைப் பால் சேர்த்துப் பார். பாலின் கொழுப்பு கோட்டைக் கட்டுப்படுத்தும்.

கறுத்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வரைந்தால் அது வெளுத்து வெள்ளைக் கோடாகும். வெளுத்ததும் உடனே அலசிவிடு.

ஒன்றை மறக்காதே. இரும்பு நாள்பட நாள்பட இழையை அரிக்கும். மிகப் பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் உதிர்ந்திருப்பது இதனால்தான். அதனால் வேலை முடிந்ததும் கொஞ்சம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசு. பாட்டியின் பட்டுப் புடவை மாதிரி திரும்பக் கிடைக்காத துணியில் இதைத் தொடாதே. இதற்குப் பயன்படுத்திய பாத்திரம் திரும்பச் சமையலறைக்குள் வரக் கூடாது.

7. வீட்டிலேயே கிடக்கும் பொருட்கள்

ஊதுபத்தி: பாலியஸ்டர் ஆர்கன்சாவில் கனலும் ஊதுபத்தி நுனியால் தொட்டால் வட்டமாக உருகித் திறக்கும், ஓரம் தானே அடைத்துக்கொள்ளும், நூல் பிரியாது. இரண்டு நிற ஆர்கன்சாவை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலதை மட்டும் துளைத்தால் உள்ளே இருக்கும் நிறம் எட்டிப்பார்க்கும். பருத்தியில் இதைச் செய்யாதே, அதில் கனல் பிடித்துப் பரவும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், திறந்த ஜன்னல் இரண்டும் இருக்கட்டும்.

டீ பேக்: குடித்த பிறகு காயவைத்து, தூளைக் கொட்டி, காகிதத்தை இஸ்திரி போடு. பழைய கடிதத்தின் நிறம் வந்திருக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் துணியில் ஒட்டி, மேலே தைக்கலாம், வரையலாம். சுவர்த் தொங்கலுக்கு மட்டும். வலை போலப் பளபளக்கும் டீ பேக் பிளாஸ்டிக், இஸ்திரியில் உருகிவிடும்.

வாழைநார்: காய்ந்த நாரை அப்படியே தைத்தால் மடிப்பில் முறியும். பத்து நிமிடம் நனைத்துத் துண்டில் ஒற்றி எடு. நாரை ஊசியில் கோத்து இழுக்காமல், துணியின் மேல் கிடத்தி, நூலால் அங்கங்கே கட்டித் தை. கயிறு, சணல் எதற்கும் இதே வழி. பரோடாவில் படித்த சிற்பி மிருணாளினி முகர்ஜி சாயமேற்றிய சணல் கயிற்றை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு ஆளுயர உருவங்களையே நிறுத்தியவர். ஒரு முழக் கயிற்றை வைத்து நாம் பயப்பட வேண்டியதில்லை.

பாட்டில் மூடி, கம்பி, தகடு: கனமான பொருளை ஒட்டாதே, ஓட்டை போட்டுக் கட்டு. பசை ஒருநாள் விடும், முடிச்சு விடாது. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து வேலை செய்த எல் அனாட்சூய், மதுப் பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கிச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி, சுவர் முழுக்க மடிந்து விழும் பொன் துணிகளைச் செய்கிறார். தகட்டின் ஓரத்தை அரத்தால் ராவி மழுக்கிவிடு, இல்லையென்றால் நூலை அறுக்கும்.

8. கொஞ்சம் யோசித்துத் தொட வேண்டியவை

மஞ்சள்: நம் ஊர் மஞ்சள், ஆசை வரும். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். தண்ணீர், வெயில் இரண்டிலும் தோற்கிறது.

தானியம், விதை: ஒரு பொங்கலுக்கு நெல்மணிகளை வரிசையாகத் தைத்து ஒரு தொங்கல் செய்தேன். ஆடி மாதம் சுவரடியில் மாவாக உதிர்ந்து கிடந்தது, மணிகளுக்குள் வண்டு. ரொம்ப நாள் மனசு ஆறவில்லை. இப்போது எந்த விதையையும் பாலித்தீன் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வைத்த பிறகே தைக்கிறேன். குன்றிமணி நஞ்சு, குழந்தை இருக்கும் உன் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பொன்வண்டு இறகு: அந்தப் பச்சை மினுமினுப்பு நூறு வருடமானாலும் மங்காது. 1888-ல் லண்டன் நடிகை எலன் டெர்ரி மேடையில் உடுத்திய ஆடையில் ஏறக்குறைய ஆயிரம் இறகு தைத்திருந்தார்கள். தானாக இறந்த வண்டின் இறகு கிடைத்தால் ஆவி காட்டி மெதுவாக்கித் துளையிடு. அதற்காக ஒரு வண்டைப் பிடிக்காதே.

பிளாஸ்டிக் பை, ரெக்சின்: சூடு காட்டினால் புகை வரும், ரெக்சின் புகை மிகவும் கெடுதல். வீட்டுக்குள் செய்யவே செய்யாதே. சாயப்பொடி எதுவானாலும் கலக்கும்போது மாஸ்க் போடு.

9. நோட்டு எழுது

இதுதான் முக்கியமானது, கண்ணு. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கு. ஒவ்வொரு சோதனையையும் நாலு அங்குலத் துண்டில் செய்து, இரண்டாக வெட்டு. ஒரு பாதியை அப்படியே ஸ்டேப்லர் போடு. மறு பாதியை மூன்று தடவை துவைத்து, ஜன்னலில் இரண்டு வாரம் ஒட்டி வைத்து, பிறகு பக்கத்தில் சேர். கீழே எழுது: தேதி, என்ன துணி, என்ன பெயிண்ட், எத்தனை ஸ்பூன், எவ்வளவு நேரம் வெயில், ஊசி இறங்கியதா. தோற்ற துண்டையும் ஒட்டு. என் நோட்டில் அந்த நெல்மணித் துண்டு இன்னும் இருக்கிறது. ஃப்ரீஸர் யோசனை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியதுதான்.

உன் மயிலைத் தூக்கிப்போடாதே. தளர்ந்த பெயிண்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடு. நிற்கிறதைத் திருப்பிப் போட்டு இஸ்திரியால் இறுக்கு. உரிந்த தோகையில் உனக்கு நன்றாக வருகிற நூல் தையலைப் போடு, ஒரு கண்ணுக்கு நீலம், ஒரு கண்ணுக்குப் பச்சை. கழுத்து பெயிண்டாகவும் தோகை நூலாகவும் இருக்கட்டும். தைத்து முடித்ததும் கவரின் உள்மடிப்பில் ஒரு சின்னத் துண்டை வெட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, "கஞ்சி எடுக்கவில்லை, தண்ணீர் அதிகம், சூடு காட்டவில்லை" என்று எழுது. அந்தப் பக்கத்தை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன் அக்கா